பிள்ளையின் நோயும் வீட்டைச் சுற்றியுள்ள நஞ்சும்: வாசகர் கேள்விகள், குழந்தை மருத்துவர் பதில்கள்

சென்ற இதழில் குழந்தைகளின் இரத்தசோகை பற்றி எழுதியபோது, இரும்புச் சத்து மருந்து கொடுத்தும் குணமாகாத பிள்ளைகளுக்குக் காரீயம் (லெட்) என்ற உலோகத்தின் நஞ்சு ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஒரே ஒரு வரி குறிப்பிட்டிருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு ராணிப்பேட்டையிலிருந்து பேரணாம்பட்டு வரை வாசகர்கள் கடிதம் எழுதியிருக்கிறார்கள். பழைய வட ஆற்காட்டு மக்களுக்கு இந்தக் கவலை புதியதன்று. அதைக் கேட்பதற்கு ஓர் இடம் இல்லாமல் இருந்தது என்பதே கடிதங்களைப் படித்தபோது எனக்குத் தோன்றியது. எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையை அடுத்த ஒரு கிராமத்தில் குடியிருக்கிறோம். எங்கள் போர் தண்ணீர் சில மாதங்களில் லேசான மஞ்சள் நிறத்தில் வருகிறது. நான்கு வயது மகனுக்குக் கை கால்களில் ஓயாத அரிப்பும் தடிப்பும் இருக்கின்றன. மூன்று மருத்துவர்களிடம் காட்டினோம். மூவரும் களிம்பு எழுதிக் கொடுத்தார்கள். தண்ணீரால் இருக்குமோ என்று சொன்னால் யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. இப்படிப்பட்ட நோய்களுக்கென்று தனி மருத்துவர் உண்டா? (ஒரு தாய், ராணிப்பேட்டை மாவட்டம்)

பதில்: உண்டு அம்மா. ஆனால் நம் மாவட்ட மருத்துவமனைகளின் பெயர்ப் பலகையில் அப்படியொரு துறையைத் தேடினால் கிடைக்காது. அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டிலிருந்து, குழந்தைகளின் சுற்றுச்சூழல் நலத்துக்கென்றே சிறப்பு மருத்துவப் பிரிவுகள் இயங்குகின்றன. அந்த நாட்டை 10 வட்டாரங்களாகப் பிரித்து, வட்டாரத்துக்கு ஒன்றாகப் பெரிய மருத்துவமனைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் அவற்றை அமைத்திருக்கிறார்கள். குழந்தை மருத்துவர், நஞ்சியல் மருத்துவர், தொழில்சார் நோய்களை அறிந்த மருத்துவர் ஆகியோர் அங்கே ஒரே குழுவாக இருப்பார்கள். அவர்களுடைய வேலையில் பெரும்பகுதி தொலைபேசியிலேயே நடக்கிறது: ஒரு தாயோ, பள்ளி ஆசிரியரோ, சிற்றூர் மருத்துவரோ அழைத்துக் கேட்டால், எந்தச் சோதனை தேவை, எது தேவையில்லை, வீட்டில் முதலில் எதை மாற்ற வேண்டும் என்பதைக் கட்டணம் இல்லாமல் சொல்கிறார்கள்.

குழந்தைக்கு ஏன் தனிப் பிரிவு என்றால், அது அளவில் சுருங்கிய பெரியவர் அன்று. தன் எடைக்குத் தக்கபடி பார்த்தால் பெரியவரைவிட அதிகக் காற்றை இழுக்கிறது, அதிகத் தண்ணீர் குடிக்கிறது, தரையோடு தரையாக வாழ்கிறது, கையில் பட்டதையெல்லாம் வாயில் வைக்கிறது. மூளையும் நுரையீரலும் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கின்றன.

அப்படி ஒரு பிரிவு இங்கே இல்லாவிட்டாலும் அதன் உறுப்புகள் தனித்தனியாக இருக்கின்றன. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் நஞ்சு சிகிச்சைக்கும் ஆலோசனைக்கும் தனி மையமும், குழந்தைகளின் மன வளர்ச்சி, பேச்சு வளர்ச்சிக்கென்று தனித் துறையும் உள்ளன. அடுக்கம்பாறையில் அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளவர்களைப் பரிசோதிக்கின்றன. குறை கண்ட பிள்ளைகளை மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்புகின்றன. தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நஞ்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் இரவு பகல் எந்நேரமும் மருத்துவர்களும் பொதுமக்களும் அழைக்கலாம். இவை அனைத்தையும் ஒரு பிள்ளைக்காக ஒன்று சேர்க்கும் வேலை இன்று தாயின் தலையில்தான் விழுகிறது. அந்த வேலையை ஒரு மருத்துவர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தப் பதிலை நீட்டி எழுதுகிறேன்.

இப்போது உங்கள் மகனுக்கு வருகிறேன். தண்ணீரின் மஞ்சள் நிறத்தைத் தள்ளிவிடக் கூடாது; உங்கள் பகுதியில் அது குரோமியம் என்ற உலோகத்தின் அடையாளமாக இருக்கலாம். தோல் பதனிடப் பயன்படும் குரோமிய உப்பு ஒரு வகை. அந்த உப்பைத் தயாரிக்கும் ஆலைகளில் உண்டாகும் அறுமதிப்புக் குரோமியம் என்ற இன்னொரு வகை அதைவிடப் பன்மடங்கு நச்சு வாய்ந்தது, தண்ணீரில் எளிதில் கரைந்து மஞ்சள் நிறம் தருவது. ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் ஒரு குரோமேட் ஆலையின் வளாகத்தில் ஒரு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு பல்லாண்டுகளாகக் குவிந்து கிடந்தது ஊரறிந்த செய்தி. அந்த வகைக் குரோமியம் தோலில் ஒவ்வாமை அழற்சியையும் புண்ணையும் உண்டாக்கும். இருந்தாலும் மஞ்சள் நிறமெல்லாம் குரோமியம் ஆகாது. இரும்புச் சத்து மிகுந்த தண்ணீரும் மஞ்சளாக வரும். நான்கு வயதுப் பிள்ளையின் அரிப்புக்குச் சிரங்கும் ஒவ்வாமைத் தோல் நோயும் மிகச் சாதாரணமான காரணங்கள். இரவில் அரிப்பு கூடுகிறதா, வீட்டில் மற்றவர்களுக்கும் இருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால் முதலில் சிரங்குக்கு வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் மருந்து போட்டுக்கொள்ள வேண்டும்.

தண்ணீரைச் சோதிக்காமல் இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் மாதிரியை எப்படி எடுக்க வேண்டும் என்று கேட்டு, அவர்கள் சொல்லும் பாட்டிலில் எடுத்துக் கொடுங்கள். உப்பும் கடினத்தன்மையும் மட்டும் பார்த்தால் போதாது; குரோமியம் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். குடிநீருக்கான இந்தியத் தரத்தின்படி மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, காரீயம் 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. முடிவு வரும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் பிள்ளையைக் குளிப்பாட்டவும் பயன்படுத்த வேண்டாம். காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், உலோகம் சாகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய உலோகத்தின் செறிவு கூடவே செய்யும்.

அளவு மீறியிருந்தால் அறிக்கையின் நகலை இணைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மனுக் கொடுங்கள். தோல் ஆலைக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புத்தான், மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற நெறியை இந்த நாட்டின் சட்டமாக நிலைநாட்டியது. இதே வேலூர்த் தோல் கழிவு தொடர்பாக 2025 ஜனவரி 30 அன்று அந்த நீதிமன்றம் மீண்டும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. இழப்பீட்டுக் கணக்கில் நிலமும் கிணறும் ஏறின. அந்தக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளைத் தொடர்ந்து பார்க்க ஒரு மருத்துவப் பிரிவும் அந்தக் கணக்கில் ஏறியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: என் மகன் பழைய பேட்டரி வாங்கும் கடையில் வேலை செய்கிறான். சில சமயம் வீட்டின் பின்புறத்திலேயே பேட்டரியை உடைத்து ஈயத்தை உருக்குவதும் உண்டு. மூன்று வயதுப் பேரன் மண் தின்கிறான். இன்னும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை. ஆறு மாதமாக இரும்புச் சத்து டானிக் கொடுத்தும் இரத்தம் ஏறவில்லை. சென்ற இதழில் நீங்கள் எழுதியது இவனைப் பற்றித்தானோ என்று பயமாக இருக்கிறது. (ஒரு தாத்தா, குடியாத்தம்)

பதில்: ஐயா, உங்கள் பயம் நியாயமானது. இந்தக் கடிதம் கண்ணில் பட்ட வாரத்திலேயே பேரனுக்கு இரத்தத்தில் காரீய அளவைச் சோதித்துவிடுங்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் இதே மாதிரி ஒரு பையன் என் முன்னால் தகப்பன் மடியில் உட்கார்ந்திருந்தான். இரத்தசோகைக்கு மருந்தை மாற்றி மாற்றி எழுதியவர்களில் நானும் ஒருவன். அன்று தற்செயலாகத் தகப்பனின் கால்சட்டை மடிப்பைப் பார்த்தேன்; அதில் சாம்பல் நிறத்தில் மாவு போல ஏதோ படிந்திருந்தது. பையன் அந்த மடிப்பைப் பிசைந்து பிசைந்து விரலை வாயில் வைத்துச் சூப்பிக்கொண்டிருந்தான். "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று அதற்குப் பிறகுதான் கேட்டேன். பேட்டரித் தட்டுகளைப் பிரிக்கும் வேலை என்றார். அந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

காரீயம் குழந்தையின் உடலில் எப்படி நுழைகிறது என்று தெரிந்தால் எதைச் செய்ய வேண்டும் என்பது தானாகப் புரியும். பெரியவர் விழுங்கும் காரீயத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் குடலிலிருந்து இரத்தத்தில் சேரும். சிறு குழந்தைக்குப் பாதி அளவுக்குச் சேர்ந்துவிடும். இரும்புச் சத்துக் குறைந்த குடல் காரீயத்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும். உள்ளே போன காரீயம் இரத்தச் சிவப்பணுவில் நிறமி உருவாவதைத் தடுப்பதால் சோகை கூடும். சோகை கூடினால் சில பிள்ளைகளுக்கு மண் தின்னும் ஆசையும் கூடும். மண்ணில் காரீயம் இருந்தால் அதுவும் சேர்ந்து போகும். உங்கள் பேரன் இந்தச் சுழலில் சிக்கியிருக்கலாம். மூளையில் சேரும் காரீயமோ பேச்சையும் கவனத்தையும் கற்கும் திறனையும் பாதிக்கிறது. வேலூர் நகரச் சிறு குழந்தைகளிடம் செய்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில், பாதிக்குச் சற்றே குறைவான குழந்தைகளுக்கு இரத்தக் காரீயம் டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு, 10 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. உலக அளவில் மூன்றில் ஒரு குழந்தைக்கு, அதாவது சுமார் 80 கோடிக் குழந்தைகளுக்கு, 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருப்பதாக யுனிசெஃப் 2020இல் மதிப்பிட்டது. ஆகவே இது உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த துன்பம் அன்று. மகனைக் குற்றவாளியாக்கிப் பேச வேண்டாம். அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

சோதனைக்கு இரத்த நாளத்திலிருந்து இரத்தம் எடுக்க வேண்டும். விரல் நுனியில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டியிருக்கும் தூசியே அளவைக் கூட்டிக் காட்டிவிடலாம். காரீயத்துக்கு இந்த அளவுவரை பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க எல்லை எதுவும் கிடையாது. 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று தேடி நீக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 45ஐத் தொட்டுவிட்டால், காரீயத்தைப் பிணைத்துச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்தைக் கொடுக்க வேண்டும். அதை நஞ்சியல் அறிந்த மருத்துவரின் மேற்பார்வையில்தான் கொடுக்க வேண்டும். வாந்தி, கடும் வயிற்றுவலி, தூங்கித் தூங்கி விழுதல், வலிப்பு ஆகியவற்றில் ஏதாவது தெரிந்தால் சோதனை முடிவுக்குக் காத்திராமல் 108ஐ அழையுங்கள்.

45க்குக் கீழே இருந்தால் என்ன மருந்து என்று கேட்பீர்கள். நஞ்சு வரும் வழியை அடைப்பதுதான் மருந்து. வழியை அடைக்காமல் மருத்துவமனையில் காரீயத்தை இறக்கிவிட்டு அதே வீட்டுக்கு அனுப்பினால் சில வாரங்களில் அளவு மீண்டும் ஏறிவிடும். வீட்டில் உருக்குவதை இன்றோடு நிறுத்த வேண்டும். பழைய பேட்டரியை உரிமம் பெற்ற மறுசுழற்சி ஆலைக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளும் சொல்கின்றன. உருக்கிய இடத்து மேல்மண் நஞ்சு. அதைப் பெருக்கவோ வெறுங்கையால் அள்ளவோ வேண்டாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆலோசனை கிடைக்கும்வரை அதன்மீது தார்ப்பாய் போட்டு மூடிப் பிள்ளை அங்கே போகாமல் வேலி கட்டுங்கள். மகன் கடையிலேயே குளித்து வேறு உடை மாற்றிக்கொண்டு வரட்டும். வேலை உடையைத் தனி வாளியில் துவையுங்கள். வீட்டுத் தரையைத் துடைப்பத்தால் பெருக்குவதை விட்டு ஈரத்துணியால் துடையுங்கள். சாப்பாட்டுக்கு முன் பேரனின் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இரும்புச் சத்து டானிக்கை நிறுத்த வேண்டாம். கேழ்வரகு, பால், முருங்கைக் கீரை, நெல்லிக்காய், கொய்யா ஆகியவை தட்டில் இருக்கட்டும். இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் நிறைந்த வயிற்றில் காரீயத்துக்கு இடம் குறையும்.

வீட்டில் வேறு குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கும், கர்ப்பிணி இருந்தால் அவருக்கும், மகனுக்கும் இதே சோதனை வேண்டும். எலும்பில் பல்லாண்டுகளாகச் சேர்ந்த காரீயம் கர்ப்ப காலத்தில் கரைந்து வயிற்றுப் பிள்ளைக்குப் போகும். பேரனின் பேச்சுப் பயிற்சிக்கு இரத்த அளவு இறங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்; இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். முதல் முடிவைப் பொறுத்து மறுசோதனை எப்போது என்று மருத்துவர் சொல்வார். அளவு இறங்குகிறதா என்பதுதான் வீடு சுத்தமானதற்குச் சான்று.

கேள்வி: ஈயச் சொம்பில் ரசம் வைப்பது எங்கள் மாமியார் காலத்து வழக்கம். கைக்குழந்தைக்கு மையும் தீட்டுகிறோம். பக்கத்து வீட்டில் கண்ணுக்குச் சுர்மாப் பொடி இடுகிறார்கள். இவற்றிலும் காரீயம் உண்டா? (வாசகி, ஆம்பூர்)

பதில்: குழப்பம் "ஈயம்" என்ற சொல்லிலேயே இருக்கிறது. ஈயச் சொம்பு என்று நம் முன்னோர் சொன்னது வெள்ளீயத்தால் ஆனது. பாத்திரத்துக்குப் பூசுவதும் வெள்ளீயமே. பேட்டரியில் இருப்பது காரீயம். வெள்ளீயத்தின் விலை அதிகம் என்பதால் மலிவான சொம்புகளிலும் பூச்சிலும் காரீயத்தைக் கலந்துவிடுகிறார்கள். புளியும் தக்காளியும் கொதிக்கும்போது அந்தக் காரீயம் ரசத்தில் இறங்கும். காகிதத்தில் தேய்த்தால் காரீயம் கறுப்புக் கோடு போடும் என்பது பழைய சோதனை. கலப்பு உலோகம் அதில் ஏமாற்றிவிடும். எந்த உலோகம் என்பதற்கு ஆய்வகச் சான்று இல்லாத சொம்பைப் பிள்ளை இருக்கும் வீட்டில் அடுப்பில் ஏற்ற வேண்டாம். மாமியாரின் நினைவாக அலமாரியில் இருக்கட்டும்.

சுர்மாவில் பெரும்பாலும் காரீயத் தாதுவே இருக்கும். கடைகளில் விற்கும் சில மைகளிலும் இருக்கிறது. கண்ணைக் கசக்கிய விரல் அடுத்த நொடி வாய்க்குப் போகும் என்பதை நினைவில் வையுங்கள். வீட்டில் விளக்குக் கரியில் செய்யும் மையில் காரீயம் இல்லையென்றாலும் கண்ணுக்குள் இடுவது நல்லதன்று. திருஷ்டிக்கு வேண்டுமானால் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு போதும். கன்னத்தில் இட்டால் கைக்கு எட்டும், உள்ளங்காலில் இட்டால் வாய்க்கே எட்டும். மஞ்சள் தூளைப் பளிச்சென்று காட்டக் காரீயக் குரோமேட்டைக் கலப்பவர்கள் இருப்பதால், பளபளப்பு ஏற்றாத விரலி மஞ்சளை வாங்கிக் கழுவிக் காயவைத்து அரைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பீடி சுற்றிப் பிழைக்கிறோம். எட்டு மாதக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டுதான் வேலை செய்ய முடிகிறது. தவறா? (பேரணாம்பட்டு)

பதில்: வறுமையில் செய்வதைத் தவறென்று சொல்லும் உரிமை எனக்கில்லை. புகையிலைத் தூளில் உள்ள நிகோட்டின் என்ற நஞ்சு தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும்; ஆகவே முறம் ஒரு திண்ணையிலும் குழந்தையின் தூளி வேறொரு அறையிலும் இருக்க வேண்டும். பால் கொடுக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவி, மேல்துணியை மாற்றிக்கொள்ளுங்கள். தூளைச் சோறு வடிக்கும் இடத்தில் வைக்காதீர்கள். குழந்தை தூளை வாயில் போட்டு எச்சில் ஒழுகினாலோ, வெளிறிப்போய் வாந்தி எடுத்தாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். கையை விட்டு வாந்தி எடுக்க வைக்க வேண்டாம்.

கேள்வி: தலைமுடியைச் சோதித்து உடலில் உள்ள எல்லா நச்சு உலோகங்களையும் சொல்வதாகவும், பிறகு நச்சு நீக்கும் சிகிச்சை தருவதாகவும் விளம்பரம் பார்த்தேன். மகளை அழைத்துப் போகலாமா? (வாலாஜா)

பதில்: வேண்டாம். முடியில் வெளித் தூசியும் எண்ணெயும் ஷாம்புவும் ஒட்டியிருக்கும். ஒரே முடிக்கு இரண்டு ஆய்வகங்கள் இரண்டு முடிவு சொல்லும். காரீயத்தை வெளியேற்றும் மருந்து, தேவையில்லாத குழந்தைக்குக் கொடுத்தால் உடலுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தையும் துத்தநாகத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும், உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது.

கேள்வி: நான் அங்கன்வாடிப் பணியாளர். என்னிடம் 20 பிள்ளைகள் வருகிறார்கள். மருத்துவக் குழு வரும்போது இந்த வகைப் பாதிப்புள்ள பிள்ளையை நான் எப்படிச் சுட்டிக்காட்டுவது? (வாணியம்பாடி வட்டம்)

பதில்: ஒரு சிறப்பு மருத்துவப் பிரிவு செய்யும் வேலையின் முதல் பாதி உங்கள் கையில் இருக்கிறது. அந்தப் பிரிவுகளில் எந்தக் கருவியையும் தொடுவதற்கு முன் தாயிடம் கேட்டு எழுதிக்கொள்ளும் விவரங்களை நீங்களும் கேட்கலாம். தகப்பனும் தாயும் தாத்தாவும் என்ன வேலை செய்கிறார்கள், வேலை உடையோடு வீட்டுக்கு வருகிறார்களா, வீட்டிலேயே ஏதாவது தொழில் நடக்கிறதா. குடிக்கும் தண்ணீர் போரா, குழாயா, கேனா. அடுப்பு விறகா, வீட்டில் புகைப்பவர் உண்டா. சுவரிலும் சன்னலிலும் பழைய பெயிண்ட் உரிகிறதா. பூச்சி மருந்து எங்கே, எந்தப் பாட்டிலில் இருக்கிறது. பிள்ளை மண்ணோ சுண்ணாம்போ தின்கிறதா. ஊருக்குப் போய் வேறு வீட்டில் சில நாள் இருந்தால் இருமலோ அரிப்போ குறைகிறதா. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பல நேரங்களில் அதற்கு வரும் பதில்தான் வழி காட்டும்.

பெற்றோர் வேலை போய்விடும் என்று பயந்து மறைக்கக்கூடும். முதலாளியின் பெயரோ ஆலையின் பெயரோ வேண்டாம், என்ன வேலை என்பது மட்டும் போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கேட்டதைத் தனிப் பதிவேட்டில் எழுதினால் அது அலமாரியில் தங்கிவிடும். பிள்ளையின் தடுப்பூசி அட்டைக்குப் பின்பக்கம் பெரும்பாலும் இடம் இருக்கும். அங்கே நான்கு வரியில் பேனாவால் எழுதிக் கையெழுத்திடுங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும், அவர் கேட்காவிட்டாலும், அட்டையைத் திருப்பிக் காட்டும்படி தாயிடம் சொல்லி அனுப்புங்கள்.